பாலிஷ் போட்ட துப்பாக்கி

என் மனைவியின் தம்பி போனில் அழைத்தால் முதலில் “சாப்பிட்டீங்களா மாமா” என்பார். காலை பத்து மணியானாலும் மாலை ஐந்து மணியானாலும் கேள்வி அதுதான். அன்றைக்கு அவர் அதைக் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

“மாமா, அய்யனோட துப்பாக்கிய ரெடி பண்ணிப்போட்டனுங்க. நம்ம பட்டறையிலயே பஃப் அடிச்சாச்சு. மூஞ்சி பாத்துத் தலை சீவலாமுங்க. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டு, என்ன வெலை போகும்னு மட்டும் சொல்லீட்டீங்கன்னா போதும்.”

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தேன்.

அய்யன் என்றது என் மாமனாரை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர், தொண்ணூற்றொரு வயதில் படுக்கையில் ஒரு நாள்கூடக் கிடக்காமல் போய்ச் சேர்ந்து அப்போது ஐம்பது நாள் ஆகியிருந்தது. அவரிடம் ஒரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கி இருந்தது. தோப்புக்குள் பன்றி வருகிறது என்று உரிமம் வாங்கியிருந்தார். பன்றிகள் அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தன. அவர் அதைச் சுட்டுப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. ஆனால் அது பர்மாவில் ஜப்பான்காரனைச் சுட்டது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால், அவரே சொன்னார் என்பார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் அரசு அலுவலகத்தில் ஆயுத உரிமப் பிரிவில் பதினைந்து ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எத்தனை நகல் வேண்டும், எந்த நகலில் பச்சை மையில் கையெழுத்து, யாருடைய ஆட்சேபணையின்மைக் கடிதம் இல்லாவிட்டால் எது திரும்பி வரும் என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். துப்பாக்கிகளைப் பொறுத்தவரை நான் பார்த்தவை எல்லாம் காகிதத்தில் இருந்தவை. இரும்பில் ஒன்றைத் தொட்டதில்லை. இது என் உறவினர்களுக்குத் தெரியாது. துப்பாக்கி செக்‌ஷனில் இருந்தவருக்குத் துப்பாக்கி தெரியாமலா இருக்கும் என்று அவர்களாக முடிவு கட்டியிருந்தார்கள். நானும் மறுத்ததில்லை.

உரிமதாரர் இறந்துபோனால் வாரிசுகள் தாமதமில்லாமல் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். இதை நான் மைத்துனரிடம் மூன்று முறை சொன்னேன். முதல் முறை இழவு வீட்டில். “மாமா, இந்த நேரத்துலயா?” என்றார். இரண்டாவது முறை கருமாதியன்று. “பந்தி முடியட்டுங்க” என்றார். மூன்றாவது முறை போனில். “ஆகட்டுமுங்க, ஆகட்டுமுங்க” என்றார். ஆகட்டும் என்பதற்கு அவருடைய அகராதியில் பஃப் அடிப்பது என்று பொருள் என எனக்கு எப்படித் தெரியும்?

அவருக்குத் துடியலூரில் பம்ப்செட் பட்டறை. மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு பஃபிங் மெஷின். துரு எதில் இருந்தாலும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஒருமுறை எங்கள் வீட்டு வெண்கல உருளியைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வாங்கிப் போய், அதன் அடியில் பொறித்திருந்த என் பெரியப்பாவின் பெயரையும் சுத்தம் செய்து கொடுத்தார்.

நானும் என் மனைவியும் ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினோம். பட்டறையின் பின்னறையில், புது பம்ப் கேசிங் ஒன்றைச் சுற்றிவந்த அட்டையை விரித்து அதன்மேல் வைத்திருந்தார். துப்பாக்கி என்றா சொல்வது அதை? கல்யாண மண்டபத்து வாசலில் கொண்டுபோய் வைத்தால் ஆட்கள் சந்தனம் எடுத்துப் பூசிக்கொண்டு உள்ளே போவார்கள். அப்படி ஒரு மினுமினுப்பு.

“எப்புடிங்க மாமா?”

“இதைத் தோப்பிலிருந்து இங்கே எப்படிக் கொண்டுவந்தாய்?”

“சொட்டு நீர்க் குழாயோட சேத்துக் கட்டி, காருக்கு மேல போட்டுட்டு வந்தனுங்க. வழியில ரண்டு பக்கம் செக்கிங்கு. ஒருத்தரும் கேக்கலைங்க.”

எத்தனை பிரிவுகள் இதில் மீறப்பட்டன என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கி, நான்கில் நிறுத்திக்கொண்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே குனிந்தேன். படைத் துப்பாக்கி என்றால் பின்பக்க இரும்பில் கிரீடமோ முத்திரையோ, தொழிற்சாலைக் குறியோ, ஆண்டோ, முக்கியமாக ஓர் எண்ணோ அடித்திருக்க வேண்டும். என் பதிவேட்டில் அத்தனைக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. கட்டங்கள் எனக்கு நினைவிருந்தன. இரும்பில் என் முகம்தான் தெரிந்தது.

“இதிலே நம்பர் இருந்திருக்குமே மாப்பிள்ளை?”

“இருந்துச்சுங்க. அசிங்கமா, நெளுநெளுன்னு. அதையெல்லாம் நைஸா எடுத்தாச்சுங்க. வீடியோவுல தெளிவாச் சொல்றான், கண்டிஷன் நல்லா இருந்தாத்தான் வெலைன்னு. இதே மாதிரி ஒண்ணு வெளிநாட்டுல ஏலத்துல நாப்பது லட்சம் போயிருக்குங்க.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மனைவி உட்காரவில்லை. அவளுக்கு என் முகம் முப்பத்தெட்டு வருடப் பழக்கம்.

“ஏனுங்க, என்னாச்சு?”

சொன்னேன். ஆயுதத்தின் அடையாள எண்ணை அழிப்பது தனிக் குற்றம். எண் இல்லாத துப்பாக்கி உரிமத்தில் எழுதியிருக்கும் துப்பாக்கி ஆகாது. உரிமத்தில் இல்லாத துப்பாக்கி கள்ளத் துப்பாக்கி. அது இருக்கிற பட்டறை யாருடையதோ அவர் மேல் வழக்கு.

வழக்கு என்ற சொல் மைத்துனரின் காதில் விழுந்து உள்ளே போகச் சற்று நேரம் ஆனது. போனதும் அவர் முகத்திலிருந்த பாலிஷ் மொத்தமும் போய்விட்டது. அவருடைய ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள். தலைப்பிரசவம். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, இரண்டு முறை கரு நிற்காமல் போய், இப்போதுதான் எட்டாம் மாதம் வரை வந்திருக்கிறாள். அவருக்கும் அவர் மனைவிக்கும் இன்னும் பதினெட்டு நாளில் விமானம். விசா ஒட்டிய பாஸ்போர்ட்டை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

“கேஸுன்னா… உடமாட்டாங்களா மாமா?”

“ஆயுத வழக்கு, மாப்பிள்ளை. பாஸ்போர்ட்டைக் கொண்டுவா என்பார்கள். கொடுத்துவிட்டு நீ துடியலூரிலேயே இருக்கலாம்.”

“புள்ள நாளைக்கு நாலு தடவை போன் பண்றாளுங்க, எப்பப்பா வாரேன்னு…” என்றவர் பஃபிங் மெஷினைப் பார்த்தார், அது ஏதோ அவருக்குத் தெரியாமல் செய்துவிட்டதுபோல.

என் மனைவி கைப்பையிலிருந்து தன் அப்பாவின் உரிமப் புத்தகத்தை எடுத்தாள். மூத்த வாரிசு என்பதால் காகிதங்கள் அவளிடம் இருந்தன. எடுத்து என்னிடம் கொடுக்காமல் அவளே படித்தாள்.

“ஏனுங்க, இதுல என்னமோ மஸ்கட், ஃபோர் டென்னுன்னு எழுதியிருக்குது. அய்யன் த்ரீ நாட் த்ரீன்னுதானே சொல்லும்?”

“எழுதுனவன் தப்பா எழுதியிருப்பானுங்க அக்கா,” என்றார் மைத்துனர். “ஆபீஸுல குந்தீட்டு, கண்ணத் தொறந்து பாத்தாத்தானே?”

அவள் புத்தகத்தைத் திருப்பி எங்கள் இருவருக்கும் காட்டினாள். கடைசி ஐந்து புதுப்பித்தல்கள் என் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் கீழே, ‘ஆயுதம் நேரில் பார்வையிடப்பட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்று என் அழகான எழுத்தில். ஐந்து முறையும் மாமனார் பொள்ளாச்சியிலிருந்து எண்பது தேங்காயோடு வந்தார், துப்பாக்கியோடு வரவில்லை. மாமனாரிடம் போய், துப்பாக்கி எங்கே, காட்டுங்கள் என்று எந்த மருமகன் கேட்பான்? முந்தைய பக்கத்தில் இருந்ததை அடுத்த பக்கத்தில் பார்த்து எழுதினேன். முந்தைய பக்கத்தை எழுதியவரும் அதற்கு முந்தைய பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். அவருக்கு எத்தனை தேங்காய் என்பது எனக்குத் தெரியாது.

“பார்வையிடப்பட்டதுங்களா?” என்றாள் மனைவி.

“அலுவலக நடைமுறையில் அதற்கு அர்த்தமே வேறு.”

“என்னங்க அர்த்தம்?”

நான் துப்பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். த்ரீ நாட் த்ரீ என்பது பட்டாளத்துத் தோட்டா போடுகிற ரகம். சாதாரணக் குடிமகனுக்கு அது தடை செய்யப்பட்ட ரகம். மாவட்ட அளவில் யாரும் உரிமம் தர முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் அதே துப்பாக்கிகளில் சிலவற்றைக் குழலை மட்டும் மாற்றி, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத மொழுமொழுக் குழல் பொருத்தி, சிறைக் காவலர்களுக்கும் ஊர்க் கலவரங்களை அடக்கவும் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் ஃபோர் டென் மஸ்கட். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. மஸ்கட்டுக்கு உரிமம் கிடைக்கும். இவ்வளவும் நான் ஒரு சுற்றறிக்கையில் படித்தது.

ஆக மாமனார் ஐம்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தபடி அது பர்மா போன த்ரீ நாட் த்ரீயாக இருந்தால், அதற்கு நல்ல மதிப்பு, கூடவே வழக்கு. ஐந்து முறை பார்வையிட்ட எனக்கும் அதில் ஒரு பங்கு. நான் பார்க்காமல் எழுதியபடி மஸ்கட்டாக இருந்தால், எண்ணும் எங்காவது மிச்சமிருந்து பொருந்திவிட்டால், மைத்துனர் விமானம் ஏறலாம்.

“மஸ்கட்டுன்னா எவ்வளவு வெலைங்க?” என்றார் மைத்துனர். பழக்க தோஷம்.

“தம்பி,” என்றாள் என் மனைவி. அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

பட்டறைக்காரர் அல்லவா, அவர் சும்மா இருக்கவில்லை. வெர்னியரை எடுத்துக் குழல் வாயை அளந்தார். ஃபோர் டென் என்றால் பத்தரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். த்ரீ நாட் த்ரீ என்றால் எட்டுக்கும் கீழே. வெர்னியர் பதினொன்று காட்டியது. மறுபடி அளந்தார். மறுபடியும் பதினொன்று.

“அப்ப நம்மளது ரண்டும் இல்லைங்க மாமா. தனி ரகமுங்க!”

“வாயில் ஏதாவது செய்தாயா?”

“லேசாத் துருப் புடிச்சிருந்துச்சுங்க. லேத்துல மாட்டி, ஒரு அங்குலம் சும்மா ரீமர் உட்டுக் கொடைஞ்சு எடுத்துட்டமுங்க.”

அதற்கு மேல் உள்ளே பார்க்கலாம் என்றால், பின்பக்கத் தாழ்ப்பாள் அசையவில்லை. மாமனார் தோப்புக்காரர். துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய்தான் போடுவார். இத்தனை வருடத்து எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாக இறுகிப்போயிருந்தது. மைத்துனர் சுத்தியலைத் தேடினார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் இடையே அப்படி ஒரு நெருக்கம் அதற்கு முன் நேர்ந்ததில்லை.

மறுநாள் காலை காவல் நிலையம் போனோம். போகாமல் நேராகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது மைத்துனரின் யோசனை. சொட்டு நீர்க் குழாய் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றார். கூடாது என்றேன். எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு எடுத்துப் போவதுதான் முறை. கடிதத்தை இரவே நான் தயாரித்துவிட்டேன். விவரம் என்ற இடத்தில் ‘உரிமத்தில் கண்டுள்ளவாறு’ என்று எழுதியிருந்தேன். ஓர் அரசு ஊழியன் முப்பது வருடத்தில் கற்கக்கூடிய மிகப் பயனுள்ள சொற்கள் இவை இரண்டும்தான்.

நிலையத்தில் ரைட்டர், அதாவது எழுத்து வேலையெல்லாம் பார்க்கும் ஏட்டு, கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார். எங்க வேலை பாத்தீங்க?”

சொன்னேன். அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அந்தக் கணத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல், அவர் மேசையிலிருந்த பதிவேடு பழைய படிவம் என்றும் புதியதில் ஒரு கட்டம் கூடுதல் என்றும் சொல்லிவிட்டேன்.

“அப்படிங்களா சார்? நீங்க ரிட்டயர் ஆனப்பறம் அதையும் மாத்தியாச்சுங்க சார்,” என்றார் மிகுந்த மரியாதையோடு. பிறகு மைத்துனர் பக்கம் திரும்பினார். “பட்டாளத்துத் துப்பாக்கிங்களா? த்ரீ நாட் த்ரீயா?”

மைத்துனரின் நெஞ்சு தானாக விரிவதைப் பார்த்தேன். ஐம்பது வருடக் குடும்பப் பெருமை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நான் அவருடைய காலை மிதித்தேன்.

“ஆ… அதெல்லாம் இல்லீங்க. சும்மா… ஓட்டை ஒடசலுங்க.”

“கள்ளனாட்டம் முழிக்கறீங்களேங்க,” என்று சிரித்தார் ரைட்டர். சிரித்துக்கொண்டே கடிதத்தின் ஓரத்தில் எழுதினார். உரிமத்தில் உள்ள ரகமும் எண்ணும் ஆயுதத்தோடு பொருந்துவதாகத் துப்பாக்கிக் கடையின் சான்று மூன்று நாளில் வர வேண்டும். பொருந்தாவிட்டால் மேல் நடவடிக்கை. கீழே கையெழுத்து, முத்திரை. குறை சொல்ல முடியாத குறிப்பு. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

துப்பாக்கிக் கடை டவுனில், ஒரு பாத்திரக் கடைக்கும் போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவில். கடைக்காரருக்கு வயதாகிவிட்டதால் மகள் பார்த்துக்கொள்கிறாள். நாற்பதை நெருங்குகிற பெண், நெற்றியில் சின்னத் திருநீறு, கையில் எண்ணெய்க் கறை. துப்பாக்கியைச் சுற்றியிருந்த போர்வையைப் பிரித்ததும் அவள் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டாள்.

“ஏனுங்ணா, யாருங்ணா இந்த வேலையப் பண்ணுனது?”

“ஏம்மிணி, நல்லா இல்லீங்களா?” என்றார் மைத்துனர், இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்தவராக.

“டீ ஆத்துற பாய்லராட்டம் இருக்குதுங்ணா. அது கெடக்கட்டும். மெஷின்ல மாட்டறதுக்கு முன்னாடி உள்ள லோடு இருக்குதான்னு பாத்தீங்களா?”

மைத்துனர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பாக்கலையா? தாழ்ப்பாளே நகரலையே, அப்பறம் எப்புடிங்ணா பஃப் அடிச்சீங்க? லேத்துல வேற மாட்டியிருக்கீங்க! வாய்க்கு நேரா யாராச்சும் நின்னாங்களா?”

“நான்தானுங்க நின்னேன்,” என்றார் மைத்துனர். என் மனைவி அவருடைய சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள், இப்போதுதான் அவர் அதற்கு முன்னால் நிற்பதுபோல.

அந்தப் பெண் துப்பாக்கியின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். எங்களை வெளியே போய் நிற்கச் சொன்னாள். பாத்திரக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றோம். மைத்துனர் அங்கிருந்த ஒரு குண்டாவை எடுத்து அடியில் தட்டிப் பார்த்தார். தன்னிச்சையாகச் செய்ததுதான். பிறகு வைத்துவிட்டு, “மாமா, இது த்ரீ நாட் த்ரீயா இருந்துச்சுன்னா, துப்பாக்கிய பஃப் அடிச்சது நானு, எழுதுனது நீங்க. ரண்டு பேருக்கும் ஒட்டுக்கா ஒரே கேஸா போட்டுருவாங்களா?” என்றார்.

“தனித்தனி.”

“ஒரே கேஸுன்னா தொணைக்கு ஆச்சேன்னு பாத்தனுங்க.”

உள்ளிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். தாழ்ப்பாள் தனியாகக் கழன்று ஒரு தட்டில் கிடந்தது. உள்ளே தோட்டா இல்லை. ஒரு குளவி கட்டிய மண் கூடு இருந்தது. அதையும் பத்திரமாகத் தட்டில் வைத்திருந்தாள். குழலைப் பின்பக்கமிருந்து விளக்குக்கு நேரே பிடித்து, என்னைப் பார்க்கச் சொன்னாள்.

“பாருங்க சார். உங்களுக்குத் தெரியாததா.”

எனக்குத் தெரியாததுதான். கண்ணை வைத்துப் பார்த்தேன். வெளிச்சமான ஒரு வட்டம். மொழுமொழுவென்று, பால் குடிக்கிற டம்ளரின் உள்பக்கம்போல. வரிகள் எதுவும் இல்லை.

“மஸ்கட்டுங்க,” என்றாள். “இங்க கீழ பாருங்க, அஞ்சு பத்துத் தோட்டா போடற எடத்துல மரக்கட்டைய வெச்சு அடைச்சிருக்குது. ஒவ்வொண்ணாத்தான் போட முடியும். ஜெயில் காவலுக்குன்னு மாத்துனதுல இப்புடித்தான் இருக்கும்.”

“அந்தக் கட்டைய நான் வேஸ்டுன்னு நெனச்சனுங்க,” என்றார் மைத்துனர். “தோண்டி எடுத்துப்போட்டு, நம்ம மில்லிங்குல ஒரு பெட்டி செஞ்சு மாட்டலாம்னு இருந்தனுங்க. திங்கக்கெழமை ஆள் வரல.”

“யாருங்ணா அந்த ஆளு? வராத அன்னிக்கும் சேத்துச் சம்பளத்தைக் குடுத்துருங்க.”

ஐந்து முறை பார்க்காமல் எழுதியது ஐந்து முறையும் சரி. என் பணிக்காலத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. மனைவியின் பக்கம் திரும்பினேன். “அப்ப நம்பருங்க?” என்றாள் அவள், என்னைப் பார்க்காமலே.

நம்பர் இல்லை. இரும்பில் எங்கும் இல்லை. அந்தப் பெண் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாள். குழலின் மேலே, பக்கவாட்டில், தாழ்ப்பாளின் பிடியில். மூன்று இடத்திலும் மைத்துனரின் தொழில் நேர்த்தி. “வேலை சுத்தமுங்ணா,” என்றாள். அவர் தலை குனிந்துகொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பாராட்டு அவருக்கு வேண்டாததாக இருந்தது.

“மரத்துல கைய வெச்சீங்களாங்ணா?”

“இல்லீங்க. ஆசாரி வந்து பாலிஷ் பேப்பர் போடறேன்னு சொன்னாருங்க. வெள்ளிக்கெழமை.”

அன்றைக்கு வியாழன்.

துப்பாக்கியைக் குப்புறத் திருப்பினாள். குழலுக்கு அடியில் ஓடும் மரத்தின் நுனியில், உலோக மூக்குக்குச் சற்றுப் பின்னால், கெட்டியாக மஞ்சளும் சிவப்புமாக ஒரு படலம் படிந்திருந்தது. விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தாள்.

“சந்தனமுங்க.”

“ஆயுத பூசைக்கு அய்யன் வெக்கறதுங்க,” என்றாள் என் மனைவி. “மேல வெச்சா இரும்பு வீணாப் போயிரும்னு அடியிலதான் வெக்கும். சந்தனம் வெச்சு, அதுமேல குங்குமம். தொடைக்கவே உடாது. அடுத்த வருசம் அதுமேலயே வெக்கும்.”

அந்தப் பெண் ஒரு பல்குச்சியை எடுத்தாள். ஐம்பது ஆயுத பூசைகளைப் பொறுமையாகக் கிளறத் தொடங்கினாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது. முதலில் ஓர் ஆங்கில எழுத்து வந்தது. பிறகு ஓர் ஏழு. நான் உரிமப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு இலக்கமாக அவள் சொல்ல, நான் சரி, சரி என்றேன். மைத்துனர் இரண்டு கையையும் கூப்பி நின்றிருந்தார், அவருக்கே தெரியாமல். கடைசி இலக்கத்தின் மேல் குங்குமம் கல்லாக இருந்தது. அவள் பல்குச்சியை மாற்றினாள்.

“மூணு,” என்றாள்.

“மூன்று,” என்றேன் நான். புத்தகத்திலும் மூன்று.

மைத்துனர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் மனைவி அவர் தோளைத் தொட்டு, “சரி கண்ணு, சரி சரி,” என்றாள். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய், யாரும் கேட்காமலே நான்கு டீ சொல்லிவிட்டு வந்தாள்.

துப்பாக்கியை அங்கேயே பாதுகாப்பில் வைத்து, சீட்டு எழுதினாள். ரகம், எண், நிலை. நிலை என்ற இடத்தில் ‘அதிகம் மெருகேற்றப்பட்டது, உலோக எண்கள் தேய்ந்துள்ளன, மர எண் தெளிவாக உள்ளது’ என்று எழுதினாள். தேய்க்கப்பட்டன என்று எழுதவில்லை, தேய்ந்துள்ளன என்று எழுதினாள். அவளை என் பிரிவில் வைத்துக்கொள்ளாமல் போனோமே என்று இருந்தது.

“மதிப்பு எவ்வளவுங்ணா போடறது?”

மைத்துனர் துண்டை எடுத்தார். “நீங்களே சொல்லுங்கம்மிணி.”

“நேர்மையாச் சொன்னா, இதுக்குத் தோட்டா செய்யறதையே நிறுத்தீட்டாங்க. சுட முடியாது. சேகரிக்கறவங்க யாராச்சும் கேப்பாங்க, அவங்களுக்கும் அந்தப் பழைய முத்திரைதான் வேணும். அத எடுத்துப்போட்டீங்க. பஃப் அடிக்காம இருந்திருந்தா ஒரு முப்பதாயிரம் சொல்லியிருப்பேன். இப்ப ஆளே கெடைக்கறது கஷ்டமுங்ணா. ஒரு அஞ்சாயிரம் போடட்டுங்களா?”

நாற்பது லட்சத்திலிருந்து ஐந்தாயிரத்துக்கு ஒரு மனிதர் இறங்குவதை நான் அவ்வளவு அருகிலிருந்து பார்த்ததில்லை. ஆனால் அவர் முகம் வாடவில்லை.

“கம்மியாவே போடுங்க,” என்றார். “மூணாயிரம் போடுங்க. ஜெயில் வாசல்ல நின்னதுதானுங்களே.”

சீட்டை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நானே போனேன். ரைட்டர் இரண்டு முறை படித்தார், எண்ணைத் தன் பதிவேட்டில் சரிபார்த்தார், என் கடிதத்தின் நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தார். “உங்களை மாதிரி ஆளுங்க இருந்தா எங்களுக்கு வேலையே இல்லீங்க சார்,” என்றார். அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பதினேழு நாள் கழித்து, பீளமேடு விமான நிலைய வாசலில் மைத்துனரையும் அவர் மனைவியையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். போன் அடித்தது.

“மாமா, ஒரு சிக்கலுங்க. பையத் தொறந்து பாக்கறாங்க. பேரப் புள்ளைக்கு மருந்து ஒரசறதுக்குக் கல்லு ஒண்ணு வெச்சிருந்தமில்லீங்க, அத எடுத்து வெச்சுட்டு இது என்னன்னு கேக்கறாருங்க. இதுக்கு ஏதாச்சும் ஃபாரம் இருக்குதுங்களா? டீலர் சர்ட்டிபிகேட் ஏதாச்சும்? நம்பர் பாக்கறதுக்கு மரங்கூட இல்லீங்க, வெறுங்கல்லுங்க.”

“அது கல், மாப்பிள்ளை. அதற்குப் படிவம் கிடையாது. கல் என்று சொல்.”

போனைக் கீழே வைக்காமல் அவர் அந்த அதிகாரியிடம் சொல்வது கேட்டது. “கல்லுங்க சார். புள்ளைக்குங்க. என்ற மக புள்ளைக்கு.” அதிகாரி ஏதோ சொன்னார். பிறகு பையின் ஜிப் மூடுகிற சத்தம்.

“உட்டுட்டாங்க மாமா,” என்றார். “உள்ள போறனுங்க. சாப்பிட்டீங்களா?”